வளைந்த சுண்டுவிரல்

தம்பி அக்காவுக்குத் தர வேண்டிய பாக்கி, பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது.

சாரம் கட்டும் தொழிலில் இறங்கியபோது முதல் குழாய்கள் வாங்க அக்கா கொடுத்த கைமாற்று. வருஷம் பல ஓடிவிட்டது. ஒரே ஒரு தடவை கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தான். அத்தோடு சரி. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தால் போன் மட்டும் தவறாது.

"அக்கா, இந்த மாசம் கொஞ்சம் இறுக்கம். அடுத்த மாசம் பாத்துக்கலாமா?"

"பரவாயில்ல. சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அவ்வளவுதான் பேச்சு. இந்த நாலு வரிக்காக அக்கா ஒன்றாம் தேதி மட்டும் வேலையில் சலவை மிஷின் பக்கம் நிற்காமல், துணி மடிக்கிற மேஜைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பாள். மிஷின் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காது.

இந்த மாதம் போன் வரவில்லை. கட்டிலில் போனை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளைத்தான் போன வார இதழில் விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கும் அப்படித்தான். அவளாகக் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டால் காசு கேட்பதாகத்தானே அவன் நினைப்பான்? வாய் திறந்து கேட்டுவிட்டால், எங்காவது புரட்டிக் கொடுத்துவிடுவான். கொடுத்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லிக் கூப்பிடுவான்?

இன்று அவளுக்கு வார ஓய்வு.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு ஓய்வு நாள்தான் பாரம். மற்ற நாளில் போர்வையின் ஒரு முனையை இவள் பிடித்தால் மறு முனையைப் பிடிக்க எதிரே ஓர் ஆள் நிற்கும். உதறி, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகி என்று நாள் முழுக்க யாராவது கிட்டே வந்துகொண்டே இருப்பார்கள். வீட்டில் தன் ஒற்றைப் போர்வையை மடிக்கும்போது ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போர்வையை மடித்தாள். டம்ளரைக் கழுவினாள். வீட்டு வேலை தீர்ந்துவிட்டது. பஸ் ஏறினாள்.

எங்கே போகிறாள் என்று முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஊர் நடுவே பெரிய புல்வெளி. அதன் கடைசியில் கறுப்புக் கல் மேடை. மேடைமேல், வலது கையை உயர்த்தி நிற்கும் வெண்கலச் சிலை. ஒரு காலத்தில் நாட்டை ஆண்ட தலைவருடைய நினைவிடம். மேலே கூரை கிடையாது. மழையும் வெயிலும் அவருக்கும் நமக்கும் பொது.

சிலை செய்யும்போது தலைவர் உயிரோடு இல்லை. முகத்துக்குப் போட்டோ இருந்தது. உடம்புக்கு ஆள் வேண்டுமே? சிற்பியின் பட்டறையில் கல் தூக்கிக்கொண்டிருந்த இவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். திறப்பு விழா அன்று அப்பா ஆறு வயசு மகளைத் தோளில் உட்கார்த்திக் கூட்டத்தில் நுழைந்தார்.

"அங்க பாரு! யாருன்னு தெரியுதா? உங்கப்பன்டி!"

பார்த்தாள். மேடை முழுக்க மலர் வளையம் குவிந்து கிடந்தது. முகம் தலைவருடையது. அப்படியானால் அப்பா எங்கே? வானத்தில் நீட்டிக்கொண்டிருந்த கைதான் கண்ணில் பட்டது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் உள்பக்கம் வளைந்த கை.

மறு வருஷம் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். தம்பி அப்போது அம்மா வயிற்றில். வீட்டில் அப்பாவின் போட்டோ என்று ஒன்று கிடையாது. போட்டோ எடுக்கிற மாதிரி எதுவும் அந்த வீட்டில் நடக்கவில்லை. நாள் போகப் போக அப்பாவின் முகம் அவளுக்கு அழிந்துவிட்டது. கை அழியவில்லை. அதுதான் அங்கே நிற்கிறதே.

அதனால் ஓய்வு நாள் வந்தால் பஸ் ஏறிவிடுவாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். திரும்பிவிடுவாள். தம்பியையும் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "பாத்தே இராத ஆளோட கையைப் பாத்து நான் என்ன செய்யப்போறேன், போக்கா" என்று ஒரு தடவைகூட அவன் வரவில்லை.

*

புல்வெளியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

சிலையைக் காணோம். மேடையைச் சுற்றி நாலு பக்கமும் குழாய் நட்டு, பலகை போட்டு, உச்சி வரைக்கும் பச்சை வலை கட்டியிருந்தார்கள்.

"வாங்கக்கா, இன்னிக்குத் தலைவர் லீவு" என்றார் வாசல் காவல்காரர்.

"என்னாச்சு?"

"தேச்சுக் கழுவி மெழுகு போடப்போறாங்க. அப்படியே விரலையும் நேராக்கிடுவாங்க."

"எந்த விரல?"

"சுண்டுவிரல. கமிட்டிக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்காரு. தலைவருக்கு விரல் வளைவே கிடையாதாம், இது அவமரியாதையாம். இத்தனை வருஷமா தலைவரே ஒண்ணும் சொல்லல. இவருக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எப்போ?"

"நாளைக்குக் காலைல. நெருப்புக் காட்டி நிமித்துவாங்களாம். அஞ்சு நிமிஷ வேலை."

வழக்கமாக உட்காரும் பெஞ்சில் குடைக்கார அம்மா இருந்தார். எழுபதைத் தாண்டிய வயசு. வெயிலோ மழையோ தலைக்கு மேல் ஒரு சாம்பல் நிறக் குடை. ஓய்வு நாள் வந்தால் அவரும் அங்கே இருப்பார். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று அந்த அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "மூடிட்டாங்க பாத்தியாம்மா?"

"ஆமாங்கம்மா."

"நாளைக்குள்ள திறப்பாங்களா?"

"தெரியலையே."

"எனக்கு அங்க ஒருத்தர் இருக்காரும்மா" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் சொல்லவில்லை. குடையை இன்னும் கீழே இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

தலைவர்மேல் இத்தனை பாசம் வைத்தவர்களும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அக்கா வலைக்குப் பக்கத்தில் போனாள். எங்காவது சந்து கிடைத்தால் கையை மட்டும் பார்த்துவிடலாம்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் கேட்டது.

"டேய், அந்தக் கிளிப்ப முறுக்குடா! முறுக்காம விட்டா நாளைக்கு நீ என் மேல விழுவ, நான் தலைவர் மேல விழுவேன்!"

ஒன்றாம் தேதி வராமல் போன குரல்.

"தம்பி!" என்றாள். அவளுக்கே தெரியாமல் சத்தமாக வந்துவிட்டது.

பலகைகளின் ஓரமாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே அவன் முகம். சந்தோஷமா, மாட்டிக்கொண்டோமே என்ற முழியா, கீழேயிருந்து பார்க்க ஒன்றும் பிடிபடவில்லை.

குழாயைப் பிடித்துச் சறுக்கி இறங்கினான். இரண்டு காலிலும் கோணிச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான்.

"என்னடா இது கோலம்?"

"பூட்ஸ் போட்டா கல்லுல கீறல் விழுமாம். எங்க முட்டி தேஞ்சாலும் கேக்க ஆளில்ல, கல்லுக்கு மட்டும் இவ்வளவு மரியாதை." ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீ வருவன்னு தெரியும். ஓய்வு நாள்ல."

"இங்கதான் வேலைன்னு சொல்லவே இல்லையே?"

"ஒண்ணாம் தேதி கூப்பிடணும்னுதான் இருந்தேன்." தரையைப் பார்த்தான். "அப்புறம் சொல்றேன்க்கா."

"அது கிடக்கட்டும். என்னை மேல கூட்டிட்டுப் போ."

"எங்க?"

"கைகிட்ட. நாளைக்கு நேராக்கிடுவாங்களாமே. அதுக்கு முன்னாடி ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்."

"அம்பத்து மூணு வயசுல ஏணி ஏறப்போறியா? விழுந்து வெச்சா உன் ஆஸ்பத்திரிப் போர்வையில உன்னையே சுத்துவாங்க."

"நான் மடிச்ச போர்வையா இருந்தா சுருக்கமில்லாம சுத்தட்டும்."

அவன் சிரிக்கவில்லை. "வேணாம்க்கா. மேல ஒண்ணுமில்ல."

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். வேலையை மேற்பார்க்கிற அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். கூட வேலை செய்கிற ஒருவனிடம் ஹெல்மெட்டை வாங்கி அக்கா தலையில் மாட்டினான். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக் கொக்கியைத் தன் கையில் பிடித்துக்கொண்டான். "என் பின்னாடியே வா. கீழ பாக்காத. ஒரு கைய எடுக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு கை கெட்டியா இருக்கான்னு பாரு."

ஏறினாள். ஈரப் போர்வை தூக்கிப் பழகிய தோள். கை பயப்படவில்லை. முழங்கால்தான் முனகியது. ஒவ்வொரு தட்டிலும் தம்பி நின்று கொக்கியை மாற்றி மாட்டினான். சின்ன வயசில் சாலையைக் கடக்கும்போது இவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாளே, அதே இறுக்கம்.

கடைசித் தட்டு. வலைக்குள்ளே பச்சை வெளிச்சம். எதிரே, கை.

எவ்வளவு பெரிசு! ஒரு விரலே அவள் முழங்கை நீளம். உள்ளங்கையில் புறா எச்சம் காய்ந்து வெள்ளையாய்ப் படிந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி, தனித்தனியாக வார்த்த கையையும் உடம்பையும் சேர்த்த தையல் மாதிரி ஒரு மேடு. அந்தச் சுண்டுவிரலில் தன் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டினாள். உள்ளே காலி என்று சத்தம் வந்தது.

கீழே நின்று பார்த்தபோதெல்லாம் அது அப்பாவாக இருந்தது. இத்தனை கிட்டே வந்ததும் வெறும் உலோகமாகிவிட்டது. வைத்த கையை எடுக்கவும் மனசில்லாமல், வைத்திருக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"அக்கா" என்றான் தம்பி, பின்னாலிருந்து. "அது அப்பா கை இல்ல."

அவள் திரும்பவில்லை.

"ரிப்பேர் பண்றவர் அந்தச் சிற்பியோட மகன். சின்ன வயசுல அந்தப் பட்டறையில களிமண் மிதிச்சவர். அவருதான் சொன்னாரு. கைக்கு நின்னது பட்டறை வாட்ச்மேன். இரும்புக் கேட்டுல சிக்கி வளைஞ்ச விரலாம்."

"இல்லடா. அப்பா விரல் வளைஞ்சுதான் இருந்துச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு. என் தலையைத் தடவும்போது..."

நிறுத்திவிட்டாள். தடவினாரா? தடவியபோது விரல் வளைந்திருந்ததா? இல்லை, பார்த்துப் பார்த்து இந்த வெண்கல விரலைத்தான் அவர் கையில் ஒட்டவைத்தாளா? தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"வேலை தொடங்கின அன்னிக்கே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? உங்கிட்ட வேற என்ன இருக்கு?"

கீழே யாரோ குழாயைப் போட்ட சத்தம் சாரம் முழுக்க அதிர்ந்து அடங்கியது.

"அப்போ அப்பா எங்கதான் இருக்காரு?"

"கீழ வா" என்றான்.

*

சிலையின் பாதம் மேடையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. நீள அங்கியின் விளிம்புக்குக் கீழே வெறும் கால். எப்போதும் மலர் வளையம் சாத்தியிருக்கிற இடம். இன்று வேலைக்காக எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

தம்பி மேடை ஓரத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். சாக்கை உருவினான். எழுந்து, தன் இடது காலைச் சிலையின் காலுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தான்.

"முதல் நாள் சாக்குக் கட்டும்போது அந்த மனுஷன் என் காலையே பாத்துட்டு நின்னாரு. 'இந்த விரலை வார்க்க எங்கப்பா ரெண்டு தடவை அச்சை உடைச்சாரு, இது உனக்கு எங்கேருந்து வந்துச்சு'ன்னு கேட்டாரு. காலுக்கு நின்னது ஒரு கல் தூக்குற ஆளாம். சிலை திறந்த மறு வருஷமே காய்ச்சல்ல போயிட்டாராம்."

வெண்கலக் காலில் கட்டைவிரலின் மேல் இரண்டாவது விரல் ஏறிப் படுத்திருந்தது. தம்பியின் காலிலும் அப்படியே.

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். அம்மா வேலைக்குப் போனபிறகு தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். விரல் இப்படியே இருந்தால் செருப்பு நுழையாது என்று அடுத்த வீட்டில் யாரோ சொல்ல, தினமும் துணிக் கிழிசலைக் கொண்டு இரண்டு விரலையும் பிரித்துக் கட்டிவிடுவாள். குழந்தை வீரிட்டு அழும். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டு, கட்டைப் பிரித்து எறிந்தாள். "இருக்கட்டும் விடு. அது அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஏனென்று அன்றைக்கு விளங்கவில்லை.

அக்கா இப்போது கையை நீட்டினாள். வெண்கலக் காலைத் தொடவில்லை. தம்பியின் விரலைத் தொட்டாள். சூடாக இருந்தது. பிசுபிசுவென்று சாக்குத் தூசி.

"என்னக்கா இது! எந்திரி, எல்லாரும் பாக்குறாங்க." கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டான்.

அவளுடைய விரல்கள் இருபதும் நேராகத்தான் இருந்தன, கையிலும் காலிலும். வருஷக்கணக்காக வந்து நின்ற அவளிடம் அப்பாவின் பங்கு என்று ஒன்றுமில்லை. ஒருநாளும் வராதவன் அப்பாவின் காலில் நின்றுகொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறான். "நீ அம்மா ஜாடைடா, அப்பா ஜாடை நான்தான்" என்று எத்தனை தரம் அவனைச் சீண்டியிருப்பாள்!

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அந்த வாட்ச்மேனுக்குக் குடும்பம் இருந்துச்சா?"

"பொண்டாட்டி இருந்தாங்களாம். பிள்ளை இல்ல. இப்ப இருக்காங்களோ என்னமோ."

வலையின் சந்து வழியாகப் புல்வெளி தெரிந்தது. பெஞ்சு தெரிந்தது. பெஞ்சின்மேல் ஒரு சாம்பல் நிறக் குடை.

எனக்கு அங்க ஒருத்தர் இருக்காரும்மா.

அக்கா வலையை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் இவள் அப்பாவைப் பார்த்தது அந்த அம்மாவின் புருஷன் கையில். அந்த அம்மா ஒரு நாளாவது இவளைப் பார்த்து, யார் நீ, என் ஆளை இப்படிப் பார்க்கிறாயே என்று கேட்டிருக்கலாமே!

"தம்பி, அந்தப் பெஞ்சுல இருக்கிற அம்மாவை மேல ஏத்த முடியுமா?"

"யாரு, அந்தக் குடையா? எழுபது வயசுக்கா!"

"நாளைக்குக் காலைல அந்த விரல் இருக்காதுடா."

நிமிர்ந்து சாரத்தின் உச்சியைப் பார்த்தான். "அஞ்சு மணிக்கு மேல ஆபீசர் கிளம்பிடுவாரு. பொருள் ஏத்துற கப்பி இருக்கு, பலகை கட்டி உட்கார வெச்சா..." நிறுத்திக்கொண்டான். "எனக்கு வேலை போச்சுன்னா நீதான் சோறு போடணும்."

"போட்டவதானே நான்."

அப்போதுதான் அவன் சட்டைக்குள் கையை விட்டு ஒரு கவரை எடுத்தான். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

"இந்தா."

"என்னடா?"

"பாக்கி. முழுசா இருக்கு. இதைச் சேத்துட்டுதான் கூப்பிடணும்னு இருந்தேன். அதான் ஒண்ணாம் தேதி போன் பண்ணல. வெறுங்கையோட திரும்பவும் அடுத்த மாசம்னு சொல்ல நாக்கு கூசுச்சு."

அவள் கையை நீட்டவில்லை. "இப்ப என்ன அவசரம்?"

"பாலம் கட்டுற இடத்துல வேலை கிடைச்சிருக்கு. ரொம்ப தூரம். மூணு வருஷம் ஆகுமாம். இந்தச் சாரத்தைப் பிரிச்சதும் குழாய் எல்லாம் லாரியில ஏறிடும், நாங்களும் குடும்பத்தோட ஏறிடுவோம்." இரண்டு கையாலும் கவரை நீட்டினான். "கடனை வெச்சுட்டுப் போக மனசில்லக்கா. எண்ணிப் பாத்துக்கோ."

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மீதி அடுத்த மாசம் கொடு என்று சொல்லலாம். அவன் முகத்தைப் பார்த்தாள். சுமையை இறக்கி வைக்கிறவனின் முகம். தலையில் மூட்டையோடு நிற்கிறவனை, இன்னும் கொஞ்ச தூரம் நட என்று எப்படிச் சொல்வது?

வாங்கிக்கொண்டாள்.

"எண்ணலையா?"

"நீ எண்ணியிருப்ப."

"அப்பாடா." மூச்சை விட்டுச் சிரித்தான், இன்றைக்கு முதல் தடவையாக. "இனிமே ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்."

தொந்தரவா என்று கேட்க நினைத்தாள். வாயில் வேறு வார்த்தைதான் வந்தது.

"சாக்கைக் கட்டிக்கோ. ஆணி கிடக்கும்."

அவன் காலைச் சுற்றினான். அந்த விரல் சாக்குக்குள் போவதை, கயிறு இறுகி முடிச்சு விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைப் பிடித்து ஏறினான். முதல் தட்டு, இரண்டாம் தட்டு. பச்சை வலைக்குள் கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. அப்புறம் அதுவும் இல்லை.

அவள் கவரைப் பையில் வைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் நடந்தாள்.

"அக்கா!" உச்சியிலிருந்து கத்தினான். "கணக்குத் தீந்துச்சுல்ல?"

காற்றில் வலை படபடவென்று அடித்துக்கொண்டது.

"தீந்துச்சுடா" என்றாள். அவனுக்குக் கேட்டிருக்காது.